பனியுண்டு விளையும் பயிர்

நுழையும்முன்

ஆடியில் விதைத்துத் தையில் அறுப்பதோடு உழவர் வீட்டின் ஆண்டு முடிந்துவிடுவதில்லை. நெல் வீடு சேரும் நாளுக்கும் கோடை முற்றும் நாளுக்கும் இடையில், மழையையும் ஆற்றுநீரையும் எதிர்பார்க்க இயலாத ஒரு காலம் உண்டு. அக்காலத்தில் இரவில் இறங்கும் பனியையும் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் மட்டுமே நம்பி ஒரு பயிரை விளைவித்தவர்கள் காவிரிப் படுகை உழவர்கள். அப்பயிரையும் அதனோடு பிணைந்த ஒரு சிறு குடும்பத்தின் பின்பனிக் காலத்தையும் பற்றியது இப்பாடம்.

பொழுதும் நிலமும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியில் பனி மிகுவது முன்பனி என்றும், பிற்பகுதியில் தொடங்கி விடியலில் மிகுவது பின்பனி என்றும் விளக்குவர். 'தைப்பனி தரையைத் துளைக்கும். மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்னும் பழமொழியை இன்றும் சிற்றூர்களில் கேட்கலாம்.

தொல்காப்பியம் மருத நிலத்திற்கு வைகறையைச் சிறுபொழுதாகக் கூறுகிறது. பிரிவைப் பேசும் பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்குகிறது. மருத நிலத்து ஊர்களில் இவ்விரண்டும் ஒன்றாக வந்து சேரும் காலம் மாசி. அறுவடை முடியும் வரை வீட்டிலிருந்த இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் செல்லத் தொடங்குவது இம்மாதத்தில்தான். வைகறையில் வயலுக்குச் செல்பவரும், அதே வைகறையில் பேருந்து நிறுத்தத்திற்குச் செல்பவரும் ஒரே பனியில் நனைகின்றனர்.

ஆறு மா நிலம்

திருவாரூர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் வாழ்கிறது அக்குடும்பம். அவர்களுக்கு உரியது ஆறு மா நன்செய். நூறு குழி கொண்டது ஒரு மா; இருபது மா கொண்டது ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறு மா என்பது ஏறத்தாழ இரண்டு ஏக்கர். வீட்டின் பின்புறம் கிணற்றோடு கூடிய சிறு கொல்லை. வீட்டில் மூதாட்டி ஒருவர், அவருடைய மகன், மருமகள், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஆகிய நால்வர் இருக்கின்றனர். பேரன் திருப்பூரில் ஒரு பனியன் ஆலையில் வேலை பார்க்கிறான்.

அவ்வாண்டு தை மாதத்தின் பிற்பகுதியில் சம்பா நெல் தலைசாய்ந்து, அறுவடைக்கு இன்னும் பத்து நாள் என்னும் நிலையில் நின்றது. மேட்டூர் அணையைப் பாசனத்திற்காக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. வாய்க்காலில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு வந்து திரும்பிய பேரன், போகும்போது தந்தையிடம் ஒரு பேச்சைத் தொடங்கிவைத்துவிட்டுப் போயிருந்தான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அனைவரும் திருப்பூருக்கு வந்துவிடலாம் என்பதே அது. குத்தகைக்கு எடுத்துக்கொள்ள உள்ளூரிலேயே ஒருவர் அணியமாக இருந்தார். பங்குனி முடிவதற்குள் விடை சொல்வதாகத் தந்தை கூறியிருந்தார்.

பேரன் கூறியதில் தவறு ஒன்றும் இல்லை. உழவுக்கூலியும் உரவிலையும் போக, ஆறு மா நெல்லில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை அவ்வீட்டில் அனைவரும் அறிவர். பேத்தி அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதியே வைத்திருந்தாள்.

பானையில் இருந்த விதை

மூதாட்டியின் அறையில் ஒரு மண்பானை இருந்தது. அதில் இருந்தது உளுந்து.

முற்காலத்தில் அவ்வூரில் நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள்களுக்கு முன்பே, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையோ பச்சைப்பயற்றையோ தெளித்துவிடுவார்கள். உழுவதில்லை, பாத்தி கட்டுவதில்லை, நீர் பாய்ச்சுவதும் இல்லை. நெல் அறுபடும்போது உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கும். பிறகு எழுபது நாள்களுக்குள் அது காய்த்து முற்றிவிடும். வேளாண் அறிவியலார் இதனை 'நெல் தரிசுப் பயறு' என்பர்.

அறுவடை இயந்திரங்கள் பெருகியபின் இவ்வழக்கம் குறையத் தொடங்கிற்று. இயந்திரத்தின் எடையில் இளநாற்று நசுங்குகிறது. அது உதறிச் செல்லும் வைக்கோல் நாற்றை மூடிவிடுகிறது. அறுத்தபின் விதைக்கலாம் என்றாலோ, அதற்குள் மண்ணின் மேலீரம் காய்ந்துவிடுகிறது. கையால் அறுக்க ஆள் கிடைப்பதும் அரிது.

அக்குடும்பம் கடைசியாக உளுந்து தெளித்தது 2023ஆம் ஆண்டில். அவ்வாண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிப் பெய்த மழை காவிரிப் படுகை மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற நெல்லைச் சாய்த்தது. தெளித்திருந்த உளுந்தையும் பயற்றையும் நீரில் அழுகச் செய்தது. அக்குடும்பத்தின் ஆறு மாவிலும் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. "இனிமேல் அறுத்தோமா, இயந்திரத்தை அனுப்பினோமா என்று இருந்துவிட வேண்டியதுதான்" என்று தந்தை அன்று கூறினார். அதன்பின் அவர் உளுந்தைப் பற்றிப் பேசவே இல்லை.

மூதாட்டி மட்டும் அதனைக் கைவிடவில்லை. உளுந்து விதை நெடுநாள் உயிரோடு இருப்பதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் முளைப்புத்திறன் குறையும், வண்டும் துளைக்கும். ஆகவே அவர் ஒவ்வோர் ஆண்டும் கொல்லையின் ஓரத்தில் மூன்று சென்ட் அளவில் உளுந்து போட்டு, அதில் விளைந்ததைக் காயவைத்து, வேப்பிலையும் சாம்பலும் கலந்து பானையில் அடைத்து வந்தார். பானையில் எப்போதும் எட்டுக் கிலோவிற்குக் குறையாமல் விதை இருந்தது. அது யாருக்கென்று வீட்டில் எவரும் கேட்டதில்லை.

கொல்லையின் பாடம்

பின்பனிக் காலத்தில் கொல்லைதான் அவ்வீட்டின் அடுக்களையைக் காத்தது. பந்தலில் அவரை கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடந்தது. குளிரும் குறும்பகலும் அவரைக்கு உகந்தவை. அவையே அசுவினிக்கும் உகந்தவை. விடியலில் இலைகள் பனியில் நனைந்திருக்கும்போதே மருமகள் அடுப்புச் சாம்பலை முறத்தில் எடுத்துச் சென்று தூவுவார். உலர்ந்த இலையில் சாம்பல் நில்லாது. நனைந்த இலையில் ஒட்டிக்கொள்ளும். கத்தரியில் புழு குடைந்த காய்களைப் பறித்து அப்புறப்படுத்துவதும், கீரைப் பாத்திக்கு நீர் இறைப்பதும் பேத்தியின் பங்கு. முருங்கை பூவும் பிஞ்சுமாக நின்றது. அண்டை வீட்டு மாமரம் பூத்திருந்ததால், பூவின் மணம் வேலியைத் தாண்டி வந்தது.

கோடைக்கான ஏற்பாடுகளும் அப்போதே தொடங்கும். பனி தணிந்தபின் ஊன்றுவதற்காகக் கொத்தவரை, வெண்டை, வெள்ளரி விதைகளை மூதாட்டி எடுத்துப் பிரித்து வைப்பார். செடியிலேயே முற்றவிட்ட கத்தரிப் பழத்தைப் பிசைந்து, விதையை அலசிச் சாம்பலில் புரட்டி உலர்த்துவார். "விற்கிற காயைச் செடி கொடுக்கும்; விதைக்கிற காயை நாமதான் விடணும்" என்பார் பேத்தியிடம்.

ஒருநாள் மாலை மூதாட்டி பானையைத் தூக்கி வந்து திண்ணையில் வைத்தார்.

"ஏம்ப்பா, வயல்ல பதம் எப்படி இருக்கு?"

"இருக்கும்மா. ஆனா இயந்திரத்துக்குச் சொல்லியாச்சு."

"ஆறு மாவுக்கும் நான் கேக்கலை. இந்தப் பானையில எவ்வளவு இருக்கோ அவ்வளவுக்குக் கேக்கிறேன்."

தந்தை விடை கூறவில்லை. பேத்தி குறிப்பேட்டை எடுத்தாள். ஏக்கருக்குப் பன்னிரண்டு கிலோ எனக் கொண்டால், எட்டுக் கிலோ இரண்டு மாவிற்குச் சரியாக இருந்தது. நான்கு மாவை இயந்திரத்திற்கு விட்டு, இரண்டு மாவை மட்டும் கையால் அறுக்கலாம். ஆள் கூலி எவ்வளவு ஆகும் என்பதையும் அவள் எழுதிக் காட்டினாள். அந்தக் கூலியைத் தனியே பார்த்தால் இழப்புத்தான். உளுந்து விளைந்தால் மட்டுமே கணக்கு நேராகும்.

மறுநாள் காலை தந்தை வயலில் இறங்கிக் கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். சேறாகக் குழையவில்லை, பொருக்காக உதிரவும் இல்லை. மெழுகைப் போல உருண்டது. அன்று மாலை நெற்கதிர்களை விலக்கி நடந்துகொண்டே அவர் உளுந்தைத் தெளித்தார். விதை வீழ்ந்த ஓசைகூடக் கேட்கவில்லை.

பனி எவ்வாறு நீராகிறது?

மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் தன்னிடமுள்ள நீராவி முழுவதையும் தாங்க இயலாது. மிகுதி நீர்த்துளிகளாக இலைமேல் படிகிறது. அதுவே பனி. பனியின் அளவு சிறிதே. எனினும் இலை நனைந்திருக்கும் நேரம் வரை செடி தன் நீரைக் குறைவாகவே இழக்கிறது. காவிரியின் வண்டல் கலந்த களிமண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கிறது. அறுத்த நெல்லின் தாள்கள் வெயிலிலிருந்து மண்ணைக் காக்கின்றன. உளுந்தின் வேர், மேல்மண் காயக் காய, ஈரத்தைத் தேடிக் கீழே இறங்குகிறது. அவ்வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற வடிவிற்கு மாற்றித் தருகின்றன. நெல் எடுத்துக்கொண்ட வளத்தில் ஒரு பகுதியை உளுந்து மண்ணுக்குத் திருப்பித் தருகிறது.

மழை இரவு

மாசி பிறந்த மூன்றாம் நாள் நான்கு மாவில் இயந்திரம் இறங்கியது. பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்பதால், பனிபெய்யும் இரவில் மூடியும் வெயிலேறிய பின் விரித்தும் இரு நாள்கள் அந்நெல்லைக் காயவைக்க வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த நாள் இரண்டு மாவைக் கையால் அறுத்தனர். அறுப்பதற்கு ஐவர் வந்தனர். அவர்களுள் மூவர் கூலிக்கு வந்தவர்கள். இருவர், தங்கள் வயலுக்கு இவர்கள் வந்து உழைத்த கடனைத் திருப்ப வந்தவர்கள். கருக்கரிவாளால் அறுத்து, அரிகளை வரிசையாகக் கிடத்தினர். அரிகளுக்கு இடையே இரண்டிரண்டு இலைகளோடு உளுந்து தெரிந்தது. மறுநாள் கட்டுக் கட்டிக் களத்திற்குக் கொண்டுசெல்வதாகத் திட்டம்.

அன்று மாலை கீழ்வானம் கறுத்தது. இரவு உணவு முடியும்போது காற்றில் மண்வாசனை வந்தது. தந்தை எழுந்து வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். இயந்திரத்தில் அறுத்த நான்கு மா நெல் தார்ப்பாயின்கீழ்ப் பத்திரமாக இருந்தது. கையால் அறுத்த இரண்டு மா நெல்தான் வயலில் கிடந்தது. அவர் எவரையும் குறை கூறவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். மருமகளும் பேத்தியும் கைவிளக்கோடு பின்தொடர்ந்தனர். அறுக்க வந்தவர்களுள் இருவர் செய்தி கேட்டு வந்து சேர்ந்தனர்.

முதல் துளி விழுவதற்கு முன் பாதி அரிகளைக் கட்டாக்கிக் களத்திற்குச் சேர்த்துவிட்டனர். மீதியை மழையிலேயே சுமந்தனர். அதற்குள் தந்தை, வயலின் நடுவிலும் வரப்பை ஒட்டியும் வடிகால் வெட்டத் தொடங்கியிருந்தார். 2023இல் நீர் வடிய வழியின்றி இரண்டு நாள் தேங்கியதால்தான் விதை அழுகிற்று என்பதை அவர் மறக்கவில்லை. இருளில் மண்வெட்டி விழும் ஓசையைக் கொண்டே அவர் எங்கே இருக்கிறார் என்பதை அறிய முடிந்தது. "அப்பா, போதும்ப்பா" என்று பேத்தி இருமுறை அழைத்தாள். "இந்த மூலை தாழ்வு" என்று மட்டும் விடை வந்தது.

மழை இரண்டு மணி நேரம் பெய்து ஓய்ந்தது. விடிந்தபோது வடிகால்களில் நீர் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் நீர் தேங்கி நின்றது. அங்கிருந்த நாற்றுகள் நான்கு நாள்களில் மஞ்சளாகிச் சாய்ந்தன. மற்ற இடங்களில் உளுந்து நிமிர்ந்து நின்றது. நனைந்த நெல்லில் ஒரு பகுதி நிறம் மாறியது. அதைக் கொள்முதலுக்குக் கொண்டுசெல்லாமல், வீட்டு அரிசிக்கு வைத்துக்கொண்டனர்.

பூவும் காயும்

மாசி முழுதும் பனி தவறாமல் இறங்கியது. காலையில் வரப்பில் நடந்தால் முழங்கால் வரை நனைந்தது. பகலில் வெயில் சுட்டது. பேத்தி பள்ளிக்குச் செல்லும் முன் ஒருமுறை வயலைச் சுற்றி வருவதை வழக்கமாக்கிக்கொண்டாள். இலைமேல் வெண்பொடி படிந்தால் சாம்பல் நோய். இளம் இலையில் மஞ்சள் திட்டுகள் தோன்றினால் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல். தேமல் கண்ட செடிகளை அவள் பிடுங்கி அகற்றினாள். பங்குனித் தொடக்கத்தில் இலைகளுக்கிடையே சிறு மஞ்சள் பூக்கள் தெரிந்தன. பூக்கும் பருவத்தில் தந்தை டிஏபி உரத்தை இரண்டு விழுக்காட்டுக் கரைசலாக்கி இலைமேல் தெளித்தார். செலவு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

இயந்திரம் அறுத்த நான்கு மா வெறுந்தரிசாகக் கிடந்தது. மாசி முடிவதற்குள் அதில் வெடிப்புகள் விழுந்தன. ஒரே வரப்பின் ஒருபுறம் பசுமையாகவும் மறுபுறம் வெடித்தும் கிடந்ததை அவ்வழியே சென்ற உழவர்கள் நின்று பார்த்தனர். இராமநாதபுரப் பகுதியிலிருந்து ஆட்டு மந்தையோடு வந்த கீதாரி ஒருவர், தரிசில் கிடை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். "நான்கு மாவில் இப்போது போடுங்கள், இந்த இரண்டு மாவிற்கு உளுந்து எடுத்தபின் வாருங்கள்" என்றார் தந்தை. ஆட்டுப்புழுக்கையும் நீரும் அடுத்த சம்பாவிற்கு உரமாகும். இதைச் சொல்லும்போது அடுத்த சம்பாவை எவர் பயிரிடப்போகிறார் என்பதை அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

பங்குனியின் பிற்பகுதியில் பனி நின்றது. வேம்பு பூத்தது. உளுந்தின் காய்கள் கறுக்கத் தொடங்கின. வெயிலேறினால் காய் வெடித்துச் சிதறும் என்பதால், வைகறை ஈரத்திலேயே செடிகளை அறுத்துக் களத்தில் சேர்த்தனர். காயவைத்து, கோலால் அடித்து, முறத்தில் தூற்றினர். பங்குனி விடுமுறை நாளில் பேரனும் வந்திருந்தான். தூசியைப் பொருட்படுத்தாமல் பகல் முழுதும் தூற்றினான்.

160 கிலோ உளுந்து தேறியது. பேத்தி குறிப்பேட்டில் கைஅறுவடைக் கூலியையும் நனைந்த நெல்லின் இழப்பையும் உரச்செலவையும் ஒருபுறம் எழுதினாள். உளுந்தின் விலையை மறுபுறம் எழுதினாள். செலவெல்லாம் போக மிச்சம் இருந்தது; பெரிய தொகை அன்று. தரிசாகக் கிடந்த நான்கு மாவையும் சேர்த்து எண்ணியபோதுதான் அத்தொகை வேறுவகையாகத் தெரிந்தது. குறிப்பேட்டை முதலில் அண்ணனிடம் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்துவிட்டுத் தந்தையிடம் நீட்டினான்.

அளவு

விற்பதற்கு மூட்டை கட்டும் முன், விதைக்கு எடுத்து வைப்பதே அவ்வீட்டின் முறை. மூதாட்டி பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்து உலர்த்தியிருந்தார். நன்கு முற்றித் திரண்ட உளுந்தாகப் பார்த்து எட்டுக் கிலோவை அளந்து தனியே குவித்தார். வேப்பிலை கொண்டுவரப் பேத்தியை அனுப்பினார்.

தந்தை அக்குவியலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே சென்று, பயன்படாமல் பரணில் கிடந்த வேறு இரண்டு பானைகளை இறக்கிவந்து திண்ணையில் வைத்தார்.

"இன்னும் பதினாறு கிலோ எடும்மா" என்றார்.

எட்டும் பதினாறும் இருபத்து நான்கு. அது ஆறு மாவிற்கான விதை. மூதாட்டி எதுவும் கேட்கவில்லை. முறத்தை அருகில் இழுத்துக்கொண்டு மறுபடியும் பொறுக்கத் தொடங்கினார். பேரன் பானைகளைக் கழுவுவதற்காகக் கிணற்றடிக்கு எடுத்துச் சென்றான்.